பழங்குடிக் குடியிருப்பில் நலவாழ்வுத் திட்டம்: மனக்காயம் ஆறவும் உடல்நலம் தேறவும் படிப்படியான வழிகாட்டி

தமிழ்நாட்டின் மலைப்பகுதிகளில் பழங்குடி மக்களோடு சேர்ந்து நலவாழ்வு வேலை செய்ய நினைக்கும் சிறு குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். நீலகிரியிலும் தருமபுரி மலைகளிலும் இந்த வேலையைச் செய்தபோது, நல்ல மனதோடு வந்த பலர் ஒரே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்தேன். அவர்களுக்கு அக்கறை குறைவில்லை, வரிசைதான் தவறியது. வந்த முதல் வாரமே துயரத்தைப் பற்றிக் கேட்டார்கள். ரத்தசோகைக்கு மாத்திரை ஆறாவது மாதம்தான் வந்தது. இது அப்படியே தலைகீழாக நடக்க வேண்டும்.

கீழே உள்ளது 30 முதல் 60 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்புக்கான திட்டம். குறைந்தது 2 ஆண்டுகள் போய்வர ஆளும் பணமும் இருந்தால் முழுதாகச் செய்யலாம். ஓராண்டுக்குத்தான் வழி இருக்கிறது என்றால் 5-ஆம் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவே பெரிய உதவி.

1. போவதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் மேல்சிகிச்சைக்கு அனுப்பும் வழியைச் சரி செய்யுங்கள். நீங்கள் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து அவர் உடைந்து அழுதால், அடுத்து யாரிடம் அழைத்துப் போவீர்கள்? மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் எந்தக் கிழமை எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று நேரில் போய்க் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் சந்தித்துப் பேசுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பணியாளர் அந்தக் குடியிருப்புவரை வருகிறாரா, சாலை முடியும் இடத்தோடு நின்றுவிடுகிறாரா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் தொலைபேசி எண்கள். மனநலத்துக்கு 14416, ஆம்புலன்சுக்கு 108, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. எழுதி ஒட்டினால் போதாது, அந்தக் குடியிருப்பில் நின்றே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். நாங்கள் வேலை செய்த ஒரு ஊரில், ஊருக்கு மேலே இருந்த ஒரு பாறையில் ஏறினால்தான் சிக்னல் கிடைத்தது. ராத்திரி ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் யார் டார்ச்சோடு அந்தப் பாறைக்கு ஓடுவது என்பதுதான் எங்கள் திட்டத்தின் முதல் தீர்மானம்.

புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் ஊர் என்றால் வனத்துறை அனுமதி முன்கூட்டியே வேண்டும். கடைசி நேரத்தில் சோதனைச் சாவடியில் நின்று தகராறு செய்தால், அதன் விளைவு உங்களுக்கு வராது, அந்த ஊருக்கு வரும்.

இன்னொன்று. தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகள் 37. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய 6 சமூகங்கள் மிகவும் பாதிக்கப்படக்கூடியவை என்று தனியாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. காட்டில் தேன் எடுக்கும் காட்டுநாயக்கருக்குப் போட்ட திட்டத்தைச் சாமை விதைக்கும் மலையாளிப் பழங்குடியினரிடம் அப்படியே கொண்டுபோனால் முதல் மாதமே இடிக்கும். வேலைக்காலம் வேறு, மொழி வேறு, பயந்துபோன காரணமும் வேறு.

2. முதல் 3 மாதம்: கேட்பதைக் குறையுங்கள்

முதல் முறை நாங்கள் போனபோது பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, படிவத்தோடு உட்கார்ந்து, "உங்க ஊர்ல என்ன பிரச்சினை?" என்று கேட்டோம். எல்லோரும் "ஒண்ணுமில்லைங்க" என்றார்கள். ஒரு மணி நேரத்தில் கூட்டம் கரைந்துவிட்டது.

அதன் காரணம் பிறகுதான் புரிந்தது. படிவத்தோடு வருகிறவர், கையெழுத்து கேட்கிறவர், ஜீப்பில் வந்து இறங்குகிறவர் எல்லோரும் இந்த மக்களின் நினைவில் ஒரே வரிசையில் இருக்கிறார்கள். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து நுழைந்து செய்த கொடுமைக்குத் தீர்ப்பு வர 2011 ஆனது. சந்தன மரக் கடத்தல்காரர் வீரப்பனைத் தேடிய காலத்தில் அதிரடிப்படை முகாம்களைப் பார்த்த ஊர்களும் மேற்கு மலைகளில் இருக்கின்றன. சரணாலயத்துக்காக இடம் மாற்றப்பட்டவர்கள், தோட்ட முதலாளியிடம் தலைமுறை தலைமுறையாகக் கடன்பட்டுக் கிடந்தவர்கள் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கதை உண்டு. அதை நீங்கள் கேட்டு வாங்கக் கூடாது. ஆனால் அது இருக்கிறது என்ற நினைப்போடுதான் ஊருக்குள் கால் வைக்க வேண்டும்.

ஆகவே முதல் 3 மாதமும் வாரம் ஒரு நாள், அதே கிழமை, அதே நேரம் போய் வாருங்கள். பஸ்ஸில் போய், கடைசித் தூரத்தை நடங்கள். சீருடைக்காரர் யாரையும் கூட அழைத்துப் போகாதீர்கள். படிவமும் கேமராவும் பையிலேயே இருக்கட்டும். சொன்ன நாளில் தவறாமல் வந்து நிற்பதுதான் இந்தக் காலத்தின் முழு வேலை. மழை என்று ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரம் அதற்கு விளக்கம் சொல்லுங்கள். இதுவரை வந்தவர்கள் பெரும்பாலும் சொல்லாமலே காணாமல் போனவர்கள் என்பதால், நீங்களும் அப்படித்தானா என்று ஊர் கவனித்துக்கொண்டே இருக்கும்.

இந்த நாட்களில் அவர்களாகவே ஏதாவது சிறு உதவி கேட்பார்கள். பெரும்பாலும் அது சாதிச் சான்றிதழாகவோ ரேஷன் அட்டையாகவோ முதியோர் உதவித்தொகையாகவோ இருக்கும். நலவாழ்வுத் திட்டத்துக்கு இது சம்பந்தமில்லை என்று ஒதுக்காதீர்கள். பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் அளவில்தான் வழங்கப்படுகிறது. மலையிலிருந்து இறங்கி, ஒரு நாள் கூலியை விட்டு, அங்கே போய் வெறுங்கையோடு திரும்புவதை யோசித்துப் பாருங்கள். பலருடைய தூக்கம் கெடுவது அந்தக் காகிதத்தால்தான். ஒரு பையனின் சான்றிதழுக்காக நான்கு முறை கூடப் போனோம். ஐந்தாம் முறை கிடைத்தது. அதன் பிறகுதான் அவன் அம்மா எங்களுக்குப் பாய் விரித்தார்.

3. ஊரின் சம்மதம் வாங்குவது

மூப்பரிடம் பேசிவிட்டால் சம்மதம் கிடைத்துவிட்டது என்று நினைப்பது மிகப் பொதுவான தவறு. அவரிடம்தான் முதலில் பேச வேண்டும், அது மரியாதை. ஆனால் பெண்களிடம் தனியாக, இளைஞர்களிடம் தனியாக, தள்ளி இருக்கும் வீடுகளில் தனியாகவும் கேட்க வேண்டும். ஊராட்சியின் கிராம சபையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அங்கே பழங்குடிக் குடியிருப்பு பெரும்பாலும் ஒரு மூலைதான், அவர்கள் வாயே திறக்கமாட்டார்கள். குடியிருப்பின் ஊர்க்கூட்டம் வேறு, அதில் பேசுங்கள்.

என்ன செய்யப்போகிறீர்கள், எத்தனை நாள் வருவீர்கள், எதைச் செய்ய முடியாது, பணம் எங்கிருந்து வருகிறது என்ற நான்கையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். "வேண்டாம்" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு மாத அவகாசம் கொடுங்கள். அன்றைக்கே கையைத் தூக்கச் சொன்னால் எல்லோரும் தூக்குவார்கள், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

4. ஊரிலிருந்தே இரண்டு பேர்

வெளியாள் நடத்தும் திட்டம் வெளியாள் போனதும் நின்றுவிடும். கூடலூரில் பழங்குடி மருத்துவமனையும் சிட்லிங்கியில் 1993-இல் தொடங்கிய பழங்குடி நலவாழ்வு முயற்சியும் இத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்கு, அந்தந்தச் சமூகத்துப் பெண்களையே நலப்பணியாளர்களாகவும் செவிலியர்களாகவும் வளர்த்தது முக்கியமான காரணம்.

ஆட்களை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம், ஊர் தேர்ந்தெடுக்கட்டும். பத்தாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தால் சரியான ஆளைத் தவறவிடுவீர்கள். ராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஊர் யாரைப் போய் எழுப்புகிறது என்று விசாரியுங்கள், அவர்தான் சரியான ஆள். ஒருவர் நடுத்தர வயதுப் பெண், இன்னொருவர் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞரோ இளம்பெண்ணோ என்று அமைந்தால் நல்லது. ஒரே குடும்பத்திலிருந்து இருவரும் வேண்டாம்.

சம்பளம் கொடுங்கள். ஒரு நாள் தோட்டக் கூலிக்குக் குறையக் கூடாது. "சேவை" என்று சொல்லி ஏழைப் பெண்ணிடம் இலவச உழைப்பு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நடைமுறையிலும் மூன்றாம் மாதம் அவர் தேயிலை பறிக்கப் போயாக வேண்டியிருக்கும்.

5. உடம்பிலிருந்து தொடங்குங்கள்

மனதைப் பற்றிப் பேசப் பலருக்குத் தயக்கம். இடுப்புவலி, மயக்கம், இருமல் பற்றிப் பேசத் தயக்கமில்லை. ரத்தசோகையால் படியேற முடியாதவரின் சோர்வுக்கும் மனச்சோர்வுக்கும் வித்தியாசம் தெரியாமல் குழம்பவும் கூடாது. அதனால் முதலில் உடற்பரிசோதனை: ஹீமோகுளோபின், பி.பி., சர்க்கரை, எடை, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை.

கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழும் கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழும் இருந்தால் ரத்தசோகை. சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும்போதே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: மலம் கறுப்பாகப் போகும், வயிறு கொஞ்சம் பிரட்டும். இதைச் சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் மாத்திரை அடுப்புக்குப் போகும். தோட்டப் பகுதியில் சாப்பாட்டோடு கட்டன்சாயா குடிக்கும் பழக்கம் உண்டு. தேநீர் இரும்புச்சத்தைச் சேரவிடாது. மாத்திரைக்கும் சாயாவுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள்.

நீலகிரியில் வேலை என்றால் அரிவாள்செல் நோயை (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை நோய்) தவிர்க்கவே முடியாது. இந்தியாவில் இது முதன்முதலாக 1952-இல் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கம் 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் இலக்கோடு வந்தது, எனவே பரிசோதனை இலவசமாகக் கிடைக்கும். முதல்கட்ட கரைதிறன் சோதனை, நோயாளிக்கும் வெறும் மரபணுவைச் சுமப்பவருக்கும் ஒரே மாதிரி "உண்டு" என்றே காட்டும். இரண்டாம் சோதனையில்தான் எது என்று உறுதியாகும். இரண்டுக்கும் நடுவே வாயைத் திறக்காதீர்கள். சுமப்பவர்கள் பொதுவாக ஆரோக்கியமாகவே இருப்பார்கள். முடிவை ஊர்க்கூட்டத்தில் வாசித்தால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும். ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லுங்கள். நோய் உறுதியானவர்களுக்குக் குளிரும் நீர்ச்சத்துக் குறைவும் காய்ச்சலும் கடும் வலியைக் கொண்டுவரும் என்பதால், மழைக்காலத்துக்கு முன்பே கம்பளியும் தண்ணீர் குடிக்கும் பழக்கமும் முக்கியம்.

இத்தனை காலமும் "சோம்பேறி" என்று தோட்டத்தில் திட்டு வாங்கியவருக்குத் தன் கால்வலிக்கு ஒரு பெயரும் ஒரு மருந்தும் இருக்கிறது என்று தெரிவது, மனதுக்கும் சேர்த்துச் செய்யும் வைத்தியம்.

6. கை வேலையோடு கூடும் கூட்டம்

ஆறேழு மாதத்துக்குப் பிறகு வாரக் கூட்டம் தொடங்கலாம். பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று. எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

வட்டமாக உட்கார்ந்து முகத்தை முகம் பார்த்துப் "பகிர்ந்துகொள்ள" வைக்காதீர்கள். கையில் வேலை இருக்கட்டும். ஒரு மதியம் ஒரு அக்கா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். உமி ஒரு பக்கம், கல் ஒரு பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தது. பார்வை முறத்தை விட்டு அகலவே இல்லை. புடைக்கும் சத்தத்துக்கு நடுவே, இறந்துபோன மகனைப் பற்றி முதல் தடவையாக நான்கு வாக்கியம் சொன்னார். சொல்லிவிட்டு முறத்தைத் தட்டினார், அடுத்த படி சாமையை அள்ளினார். நாங்களும் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தோம். அன்று யாராவது குறிப்பேட்டை எடுத்திருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

பாட்டும் ஆட்டமும் தெரிந்த ஊரில் அவற்றுக்கு இடம் கொடுங்கள். பணியருக்குத் துடியும் குழலும் உண்டு. ஆனால் நீங்கள் அழைத்த விருந்தாளிக்கு முன்னால் ஆடச் சொல்லாதீர்கள். அவர்களுக்காக அவர்கள் ஆடும்போதுதான் அது ஆற்றும். கூட்டம் தேன் எடுக்கும் பருவத்திலும் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்திலும் நிற்கும். அதை முன்பே நாட்காட்டியில் குறித்துவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இராது.

7. மனக்காயம்: இங்கே மெதுவாகப் போங்கள்

நடந்த கொடுமையை விவரமாகச் சொல்லவைத்தால் பாரம் இறங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. சிலருக்கு அது நிலைமையை மோசமாக்கும். காயத்தைத் திறப்பதற்கு முன் கட்டுப்போட ஆள் அருகில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

வரிசை இதுதான். முதலில் பாதுகாப்பு: இப்போதும் அடி விழுகிறதா, இப்போதும் துரத்துகிறார்களா? அப்படியானால் முதலில் அதை நிறுத்த வழி செய்யுங்கள். அடுத்து உடலை அமைதிப்படுத்தும் பழக்கங்கள்: மெதுவாக மூச்சு விடுவது, காலைத் தரையில் ஊன்றி சுற்றியுள்ள ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லிப் பார்ப்பது, இரவில் படுக்கும் நேரத்தை ஒழுங்காக்குவது. கதை கடைசியில்தான் வரும், வராமலும் போகலாம். சொல்லாமலேயே தேறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"மன அழுத்தம்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். "நெஞ்சு அடைக்குது", "உடம்பு கனக்குது", "தலைக்குள்ள இரைச்சல்" என்றுதான் வரும். இந்தச் சொற்களை உங்கள் ஊர்ப் பணியாளர்கள் ஒரு நோட்டில் சேர்க்கட்டும். கேள்வித்தாள் பயன்படுத்தினால் இந்தச் சொற்களில் அதை மாற்றி, மனநல மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே நடத்தக்கூடிய முறைகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஒரு முறையில் வாரம் ஒன்றாக ஐந்து அமர்வுகள்: மூச்சு, பிரச்சினையைப் பிரித்துப் பார்த்தல், செயலைத் தொடங்குதல், துணை தேடுதல் என்று போகும். மேற்பார்வைக்கு ஒரு நிபுணர் இருந்தால் ஊர்ப் பணியாளர் இதைச் செய்ய முடியும். மேற்பார்வை இல்லையென்றால் தொடங்காதீர்கள்.

சாவைப் பற்றி யாராவது பேசினால் நேராகவே கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு நினைப்பு வருதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. வருகிறது என்றால் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அன்றே அப்புறப்படுத்துங்கள், 14416-ஐ அழையுங்கள், மருத்துவமனைக்குக் கூடப் போங்கள். ஏற்கெனவே முயன்றவர்கள் போலீஸ் கேஸ் வரும் என்று பயந்து மறைப்பார்கள். 2017 மனநலச் சட்டப்படி அப்படி முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. இதை ஊர்க்கூட்டத்தில் சொல்லிவையுங்கள்.

8. குடி

நல்ல எண்ணத்தால் உயிர் போகும் இடம் இதுதான். ஊரே சேர்ந்து "இன்றிலிருந்து குடிக்கமாட்டோம்" என்று சத்தியம் வாங்குவார்கள். தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நடுக்கம், வியர்வை, இல்லாத உருவங்கள் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் இருவரும் மருத்துவமனையில்தான் நிறுத்த வேண்டும். அதற்குப் படுக்கையும் கூட இருக்க ஆளும் முன்பே ஏற்பாடாக இருக்கட்டும்.

மற்றவர்களிடம் ஏன் குடிக்கிறாய் என்று கேட்பதைவிட எப்போது குடிக்கிறாய் என்று கேளுங்கள். கூலி வாங்கும் நாளா, சாவு விழுந்த பிறகா, தனியாகவா? பதில் வந்தால் அந்த நேரத்துக்கு வேறு என்ன செய்யலாம் என்று பேச வழி கிடைக்கும். குடிப்பவரின் மனைவியைத் தனியே சந்தியுங்கள், அவருக்கும் உதவி தேவை.

9. ஊர் வைத்தியரும் சடங்கும்

வைத்தியரைப் போட்டியாளராகப் பார்க்காதீர்கள். அவரிடம் போய் உட்கார்ந்து, தாமதமே கூடாத மூன்றில் மட்டும் உடன்பாடு கேளுங்கள்: பாம்புக்கடி, வலிப்பு, பிரசவ ரத்தப்போக்கு. இவற்றுக்கு முதலில் வண்டி, அவரும் கூடவே வரட்டும். நாங்கள் கேட்டபோது ஒரு பெரியவர், "நான் வந்தா ஆஸ்பத்திரிக்குள்ள விடுவாங்களா?" என்று திருப்பிக் கேட்டார். அது நியாயமான கேள்வி. மருத்துவரிடம் பேசி, உள்ளே விட ஏற்பாடு செய்தோம்.

அவருடைய மூலிகை அறிவைப் படமெடுத்துப் பதிவு செய்யும் ஆசை வரும். வேண்டாம். அது அந்தச் சமூகத்தின் சொத்து. ஊர் விரும்பினால் 2002 உயிரியல் பன்முகச் சட்டத்தின் கீழுள்ள மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் அவர்களே சேர்க்கலாம். இறந்தவருக்கான சடங்குகள் கடன் பயத்தாலோ இடமாற்றத்தாலோ விட்டுப்போயிருந்தால், அதை முடிக்க ஊருக்குத் துணை நில்லுங்கள். சில வீடுகளில் பத்தாண்டுத் துக்கம் அங்கேதான் தேங்கி நிற்கும்.

10. ரகசியமும் அதன் எல்லையும்

"நீங்க சொல்றது யாருக்கும் தெரியாது" என்று முழு வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலும் அப்படித்தான். இந்த இரண்டு விதிவிலக்கையும் முதல் கூட்டத்திலேயே எளிய பேச்சில் சொல்லுங்கள். பிறகு சொன்னால் துரோகமாகப் படும்.

ஊர்ப் பணியாளருக்கு இது இன்னும் கடினம், கேட்பவரும் சொல்பவரும் சொந்தக்காரர்கள். அதனால் தன் நெருங்கிய குடும்பத்தாரை அவர் இன்னொரு பணியாளரிடம் அனுப்பும் வழக்கத்தை ஆரம்பத்திலேயே வையுங்கள். மாதம் ஒருமுறை பணியாளர்கள் தங்கள் பாரத்தை இறக்கவும் ஒரு நாள் வேண்டும். அந்த நாளுக்கும் சம்பளம் உண்டு.

11. எதை எண்ணுவது

எத்தனை கூட்டம், எத்தனை பேர் என்ற எண்ணிக்கை பணம் கொடுப்பவருக்குப் போகட்டும். ஊருக்கு என்ன மாறினால் நல்லது என்று ஊரிடமே கேட்டு அதையும் எண்ணுங்கள். ஒரு ஊரில் பெண்கள் சொன்னது: ராத்திரி எத்தனை வீட்டில் சத்தமில்லாமல் தூங்குகிறார்கள், எத்தனை பிள்ளைகள் விடுதியிலிருந்து பாதியில் ஓடி வராமல் இருக்கிறார்கள். இந்த இரண்டோடு ஹீமோகுளோபினையும் பி.பி. மாத்திரை விடாமல் சாப்பிடுவோர் எண்ணிக்கையையும் சேர்த்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

ஓராண்டு முடியும்போது எண்கள் கொஞ்சம் மோசமாகத் தெரியலாம். முன்பு மறைத்தவர்கள் இப்போது சொல்லத் தொடங்கியிருப்பார்கள். பயந்து திட்டத்தை மாற்றாதீர்கள்.

12. விலகும் விதம்

கிளம்பும் தேதியை ஆறு மாதம் முன்பே சொல்லுங்கள். முதலில் வாரம் ஒருமுறை, பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று குறையுங்கள். ஊர்ப் பணியாளரைச் செவிலியரோடும் மனநல மருத்துவரோடும் நேரடியாகப் பேசப் பழக்கிவிடுங்கள். நடுவில் நீங்கள் நிற்காத அழைப்பு மூன்று நான்காவது நடந்திருக்க வேண்டும்.

சொற்கள் சேர்த்த நோட்டு, பரிசோதனை அட்டைகள், கூட்டத்தின் நாட்காட்டி எல்லாம் அசலாகவே ஊரில் இருக்கட்டும். தேவையானால் நகல் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதையும் கேட்டுவிட்டு.